எண்பத்திரண்டு டிகிரி

நகம் வெட்டுவதை நான் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை, சதையோடு ஒட்ட. சான்றிதழ் வகுப்பில் அதை முதல் பாடமாகச் சொன்னார்கள். எனக்குப் பத்தொன்பது வருஷம் முன்பே தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆய்வாளர் ஐயா.

அந்தப் பத்தொன்பது வருஷமும் மாமாவின் உணவகத்தை நடத்தியவன் நான். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர். அவர் வேலை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி வாங்கி ருசி பார்த்துத் தலையாட்டுவார். அவர் தலையாட்டாமல் எதுவும் மேசைக்குப் போகாது. சரக்குக்காரனோடு மல்லுக்கட்டுவது முதல் சாக்கடை அடைப்பெடுப்பது வரை மற்றதெல்லாம் நான். வந்தவர் போனவர் எல்லோருக்கும் நான் மேனேஜர். அந்தச் சொல்லுக்கு ஒரு தாள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு விதி வந்தது. வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ். பொறுப்பாளருக்குத் தனியாகப் பெரிய தேர்வு. எழுபத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி. தேறியவர் பெயரைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்ட வேண்டும். பரிமாறுகிறவர்கள் தேறினார்கள். பாத்திரம் கழுவுகிற அம்மா, தன் பெயரை மட்டுமே எழுதத் தெரிந்தவர், வாய்மொழியாகச் சொல்லித் தேறினார். மாமாவின் மகள் பாப்பா, படிப்பு முடித்துச் சும்மா இருந்தவள், பொறுப்பாளர் தேர்வெழுதித் தொண்ணூற்றிரண்டு வாங்கினாள். நான் எழுபத்தொன்று.

"என்ன மருமகனே, ஊருக்கெல்லாம் சோறு போட்டுட்டு பரீட்சையில முட்டை போட்டுட்டியே" என்றார் மாமா. சமையலறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நாங்கள் பரம்பரை வியாபாரக் கூட்டம்; பேரம் படியாத இடத்திலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்து வருவதுதான் எங்கள் வழக்கம்.

மறுநாள் வாசலில் அவள் பெயர் தொங்கியது. ஆணி அடித்தது நான்தான். அவளுக்கு எட்டவில்லை.

கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். என்னை மறுதேர்வுக்குத் தயார் செய்தவளே அவள்தான். மதியக் கூட்டம் கலைந்ததும் கடைசி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாள்.

"அத்தான், கை எத்தனை விநாடி கழுவணும்?"

"இருபது."

"பார்த்தீங்களா, எல்லாம் தெரியுது. கேள்வித்தாளைக் கண்டாத்தான் உங்களுக்குப் பேய் அடிச்ச மாதிரி ஆயிடுது."

தன் மதிப்பெண் தாளையும் காட்டினாள். ஆறிய உணவை மறுபடி சூடாக்குவது பற்றிய மறுசூடு பகுதியில் ஒரு கேள்வி தப்பாகியிருந்தது. எது என்று தாளில் இல்லை. "எதுவா இருந்தா என்ன அத்தான், கொதிக்க வச்சா எல்லாம் செத்துடப்போகுது" என்றாள்.

எது என்று நான் தேடினேன். நூற்றுப் பதினான்காம் பக்கம். பழுத்த காயத்திலிருந்து உணவில் இறங்கும் கிருமி, வெதுவெதுப்பில் ஒரு நஞ்சைக் கக்கி வைக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எதிராளிக்குத் தெரியாததை இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறவன் எங்கள் கூட்டத்தில் இதுவரை பிறக்கவில்லை.

மறுதேர்வில் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். மாமா சந்தோஷப்பட்டார். "ரொம்ப நல்லதாப் போச்சு. பாப்பா லீவு போடுற அன்னிக்கு நீ பார்த்துக்கோ" என்றார்.

எனக்குக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் கத்தியை எடுப்பான். நான் காத்திருந்தேன், அவ்வளவுதான். ஐந்தாவது வாரம் தகர டப்பா மூடி கிழித்து என் ஆள்காட்டி விரல் பழுத்தது. அதே வாரம் ஓய்வு பெறும் ஓர் ஆசிரியைக்காக நாற்பது பேருக்கு மதிய விருந்து. முந்தின நாள் மாலை, வெந்த கோழியைப் பிய்த்து எலும்பு நீக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கையுறையைக் கழற்றினேன். முடிந்ததும் பாத்திரத்தை மூடிக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே அல்ல, பக்கத்தில். காலையில் முதல் ஆளாக வந்து உள்ளே தள்ளினேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பேச்சு உண்டு: தராசில் ஏமாளி முள்ளைப் பார்ப்பான், வியாபாரி விரலைப் பார்ப்பான். பாப்பா முள்ளைப் பார்த்தாள். அந்தக் கோழியைப் போட்டுச் சூடேற்றிய குழம்பில் வெப்பமானியைக் குத்தி, "எண்பத்திரண்டு டிகிரி, அத்தான்" என்று சொல்லி, அட்டையில் குறித்துக் கையெழுத்துப் போட்டாள். நல்ல சூடு என்றேன்.

மாமா கரண்டியை நீட்டச் சொன்னார். அவர் இதயத்தில் அடைப்புக்காக ஏற்கெனவே இரண்டு குழாய் வைத்திருந்தார்கள். ருசித்தார், தலையாட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு, மருமகனே" என்றார். போட்டேன்.

சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு பேர் வாந்தியெடுத்தார்கள். ஆசிரியை பிழைத்துக்கொண்டார். மாமா இரண்டாம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி நடையில் பாப்பா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், நான் எண்பத்திரண்டு பார்த்தேன். நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க? சொல்லுங்க அத்தான், எண்பத்திரண்டுதானே?"

"நான் கவனிக்கலையேம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு அவளிடம் அவளுடைய அம்மாவே பேசுவதில்லை. வீட்டில் எதை எடுத்தாலும் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறாளாம், குடிக்கிற தண்ணீரில்கூட. பாவம். வாசலில் அவள் சட்டத்தைக் கழற்றினேன். ஆணி நல்ல ஆணி. அதிலேயே என்னுடையதை மாட்டினேன்.

நீங்கள் எல்லோர் கையிலும் பஞ்சு ஒற்றி எடுத்தபோது, ஏதோ ஒப்புக்குச் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். குழம்பில் இருந்த நஞ்சு என் விரலில் இருந்த கிருமி கக்கியதே என்கிறீர்கள். சரிதான். விரலைப் பார்க்கத் தெரிந்த ஆள் நீங்கள், மறுக்க மாட்டேன். மாமாவைக் கொன்றது நான். பாப்பா மேல் தப்பில்லை. எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கடைசியில் 'கைச் சுகாதாரம் பேணத் தவறியவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அபாண்டம். அன்று கோழியைப் பிய்த்து முடித்ததும் சோப்புப் போட்டு, இருபது விநாடி எண்ணி, விரலிடுக்கு வரை கழுவினேன். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள், ஐயா. என் கை சுத்தம்.