பின் வலது

கலை: இன்னும் நாலு மணி நேரம் பத்து நிமிஷம்தான் இருக்குது ஜெயம். சரியா அஞ்சு மணிக்கு அப்ளிகேஷன் சைட்டை மூடிடுவாங்க.

ஜெயம்: இருடி, செருப்பைக் கழட்ட வுடு. பஸ்சு கூட்டேரிப்பட்டுலயே அரை மணி நேரம் நின்னுடுச்சு. விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் வர இவ்ளோ நேரமா... தண்ணி குடு.

கலை: இந்தா. கம்ப்யூட்டரு கடையில லீவு குடுத்தாங்களா?

ஜெயம்: ஓனரு மொறைச்சாரு. காலேஜ் ஃப்ரெண்டு கலைப்பிரியாவோட கம்ப்யூட்டரு உசுருக்குப் போராடுதுன்னு சொல்லிட்டு வந்தேன். என்னென்ன அனுப்பணும்?

கலை: மூணு. ரெண்டு ஸ்பீக்கருக்கு ஒரு பாட்டு. சுத்தி அஞ்சு ஸ்பீக்கருக்கு ஒரு காட்சியோட சத்தம். அப்புறம்... நானே என்னைப் பத்தி ஒரு நிமிஷம் பேசிப் பதியணும்.

ஜெயம்: நீயா? மூணு வருஷம் பிசிக்ஸ் கிளாஸ்ல நீ பேசினதெல்லாம் சேத்தாலும் ஒரு நிமிஷம் வராதே!

கலை: சிரிக்காதடி. சென்னையில படத்துக்கு சவுண்டு பண்றவங்க. எனக்கே வேணும்னு நான் கேட்ட மொதல் வேலை இது.

ஜெயம்: சரி, சரி. பிரச்சினை என்னா?

கலை: ஸ்டீரியோன்னு வெச்சா பாட்டு நல்லா வருது, பின்னாடி ஸ்பீக்கரு ஊமையாயிடுது. சரவுண்டுன்னு மாத்தினா காட்சி நல்லா வருது, பாட்டு கெட்டுப்போவுது. மாத்தி மாத்தி வெச்சு பேஜாராப் போச்சு.

ஜெயம்: சரவுண்டுல வெச்சுப் பாட்டைப் போடு... அடிப்பாவி, இது நான் பாடினது!

கலை: உன் கொரலு நல்லாருக்குதே.

ஜெயம்: நல்லாருக்குதா? கெணத்துல வுழுந்துட்டு காப்பாத்துங்கன்னு கத்தற மாதிரி இருக்குது.

கலை: அதான் சொன்னேன்ல.

ஜெயம்: தள்ளு... பாரு, இங்க ஒரு டிக் கெடக்குது. ரெண்டு ஸ்பீக்கரு பாட்டை இழுத்து அஞ்சுக்கும் பரப்பறது. அத்தோட பெரிய ஹால்ல பாடற மாதிரி எஃபெக்ட் வேற. யாரு வெச்சது?

கலை: வாங்கினப்பவே அப்படித்தான்...

ஜெயம்: ரெண்டையும் எடுத்துட்டேன். இனிமே சரவுண்டுலயே வுட்டுடு, மாத்தவே வேணாம். ரெண்டுக்குப் பண்ண பாட்டு முன்னாடி ரெண்டுல மட்டும் வரும். அஞ்சுக்குப் பண்ணது அஞ்சுலயும் வரும். அதுவே பிரிச்சுக்கும். கேளு.

கலை: ஐயோ... இவ்ளோதானா?

ஜெயம்: இவ்ளோதான். என் கொரலு இப்ப கெணத்துலேர்ந்து ஏறி நடுவுல நிக்குது. அந்தக் காட்சியப் போடு.

கலை: கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்பு. ஒவ்வொரு சத்தமும் தனித்தனியா பதிஞ்சு அடுக்கினேன். பஸ்சு முன் வலதுல வந்து, உன் வலது தோளை ஒட்டி, பின் வலதுக்குப் போவும்.

ஜெயம்: உஷ்... வறுத்த மல்லாட்டை விக்கற அம்மா... கண்டக்டரு... செமடி. ஏய்! பஸ்சு என் மண்டை மேல ஏறி பின் இடதுக்குப் போவுது!

கலை: இல்லியே. வலதுதான்.

ஜெயம்: இடது. இதோ, இந்த ஸ்பீக்கருலதான் வருது.

கலை: அதுலதான் நான் வலதுன்னு சீட்டு ஒட்டியிருக்கேனே.

ஜெயம்: எப்படி நின்னுக்கினு ஒட்டின?

கலை: அதைப் பாத்து... திரும்பி.

ஜெயம்: திரும்பி நின்னா உனக்கு வலது. திரையப் பாத்து உக்காந்தவனுக்கு அது இடதுடி, பிசிக்சு!

கலை: அதைக் கேக்கணும்னா திரும்பித்தானே ஆவணும்...

ஜெயம்: எதுக்கு? படம் பாக்கறவன் பின்னாடி சத்தம் வந்தா பின்னாடி திரும்பியா உக்காருவான்?

கலை: நான் திரும்புவேன்.

ஜெயம்: அதுக்குத்தான் இந்தச் சுத்தற நாற்காலியா?

கலை: ஃபைலும் தப்பாடி? ரெண்டு மாசம் செஞ்சது.

ஜெயம்: அழுவாத. ஸ்கிரீன்ல கோட்டைப் பாரு, பஸ்சு பின் வலதுலதான் முடியுது. ஃபைலு சரி. பின்னாடி ஒயரு ரெண்டையும் மாத்திச் சொருவினா போதும்... ஆங். இப்ப கேளு. பாத்தியா, மறுபடியும் திரும்பற!

கலை: பழக்கம்.

ஜெயம்: ஹெட்போன்லயும் ஒரு தடவ கேட்டுடலாம். மாட்டு. ரெண்டு பக்கமும் வருதா?

கலை: வருது. நல்லா வருது.

ஜெயம்: குடு, நானும் பாக்கறேன்... கலை, இடது பக்கம் வரவே இல்லியே.

கலை: இப்ப வந்துதே...

ஜெயம்: உள்ள ஒயரே அறுந்துக்கினு கெடக்குது. எப்ப வாங்கின?

கலை: தை மாசம். தெனமும் இதுலதான்...

ஜெயம்: தெனமுமா?

கலை: அப்படிப் பாக்காத.

ஜெயம்: காலேஜ்ல எந்த ரூமுக்குப் போனாலும் பெஞ்சுல இடது ஓரத்தைப் புடிச்சுக்கினு, என்னை வலது பக்கம் இழுத்து உக்கார வெப்பியே. ஜன்னல் காத்துக்குன்னு நெனச்சேன்.

கலை: மணி என்னா ஆவுது?

ஜெயம்: ரெண்டே கால். பேச்சை மாத்தாத. என் பாட்டை எப்படி அவ்ளோ சரியா நடுவுல நிறுத்தின?

கலை: கோடு பாத்து. அப்புறம் நாற்காலியத் திருப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரா... நானூறு தடவயாவது கேட்டிருப்பேன்.

ஜெயம்: நானே அதை நாலு தடவ கேட்டதில்ல.

கலை: தெரிஞ்சா ஃபைலைத் தொறக்கவே மாட்டாங்க ஜெயம். அம்மா கூட யாருகிட்டயும் வாயத் தொறக்காதன்னாங்க.

ஜெயம்: சரி, சொல்லாத. வேலைக்கு எடுத்துட்டாங்கன்னு வெச்சுக்கோ. அங்க போய் உக்காந்து நாற்காலிய ஒரு சுத்து சுத்துவ. அவங்க கேக்க மாட்டாங்களா?

கலை: ...கேப்பாங்க.

ஜெயம்: அந்த பஸ்சு தோளை ஒட்டிக்கினு போச்சே, எனக்கு மேலெல்லாம் சிலுத்துடுச்சுடி. அதை அவங்க கேட்டா வுட மாட்டாங்க. எனக்கு அப்படித்தான் தோணுது.

கலை: அந்த ஒரு நிமிஷத்தைப் பதிஞ்சுடலாமா?

ஜெயம்: இப்பவேவா? எழுதி வெச்சுக்கினு...

கலை: வேணாம். யோசிச்சா வுட்டுடுவேன். ஃபேனை நிறுத்து, ஜல்தி.

ஜெயம்: நிறுத்திட்டேன். ஒண்ணு... ரெண்டு... ம், பேசு.

கலை: வணக்கம். என் பெயர் கலைப்பிரியா. ஊர் திண்டிவனம். பி.எஸ்சி. இயற்பியல் படிச்சிருக்கேன். இந்தப் பாட்டுக்கும் கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்புக்கும் ஒலி சேர்த்தது நான்தான்... எட்டாவது படிக்கும்போது ஜுரம் வந்தது. அதிலிருந்து எனக்கு இடது காது கேட்காது.