மறைப்பைத் தள்ளியது என் தந்தை அல்ல

நான் பார்த்ததையும் என் காதால் கேட்டதையும் மட்டும், கூட்டாமல் குறைக்காமல் இதில் எழுதுகிறேன். என் பெயரையும் முகவரியையும் காவல் நிலைய எழுத்தர் தாளின் மேற்பகுதியில் எழுதிவிட்டார். என் வயது பதினாறு. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ரயில் பாதைக்கு அப்பால் உள்ள குடியிருப்பில் என் தந்தையுடன் வசிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுத்தர்தான் எழுதினார். வாக்குச்சாவடியின் மறைப்பை என் தந்தை தள்ளிவிட்டதாக அவர் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "அப்போ நீயே எழுதிக்கோ டீச்சரம்மா" என்று பேனாவை என் பக்கம் தள்ளினார். அதனால் இது என் கையெழுத்தில் இருக்கிறது.

என் தந்தை சுவர் விளம்பரம் எழுதுபவர். எல்லோரும் அவரைப் பெயின்டர் என்றே கூப்பிடுவார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து எங்கே போவதென்றாலும் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். அங்கே நடைமேம்பாலம் கட்டித் தருவதாக, தேர்தலில் நிற்கும் அத்தனை பேரும் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். அதனால் என் தந்தை 'நடைமேம்பாலம் உறுதி' என்ற எழுத்துகளை ஒரு தகரத்தில் வெட்டி வைத்திருக்கிறார். தகரத்தைச் சுவரில் அழுத்திப் பிடித்து வண்ணம் அடித்தால் அந்த வரி வந்துவிடும். பெயரையும் சின்னத்தையும் மட்டும் கையால் வரைவார். எல்லாக் கட்சிகளுக்கும் அதே தகரம்தான். ஒரு தேர்தலுக்குப் பிறகு இரண்டு தூண்கள் எழும்பின. அடுத்து வந்தவர் அந்தத் தூண்களுக்கு வண்ணம் அடிக்கச் சொன்னார். அந்த வேலையும் என் தந்தைக்கே கிடைத்தது.

என் தாய் மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தார். போன மழைக்காலத்தில் வேலைக்குப் போகும்போது தண்டவாளத்தைக் கடக்கும் அந்த இடத்தில் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு, மூடிகூடத் திறக்காமல் தூணுக்குப் பக்கத்தில் கிடந்தது. வழக்குக்கு இது தேவையில்லை என்று எழுத்தர் சொல்கிறார். இதை விட்டுவிட்டால் மற்றது எதுவும் விளங்காது என்பதால் எழுதுகிறேன்.

நான் எங்கள் பள்ளியின் வாக்காளர் விழிப்புணர்வுக் குழுவில் இருக்கிறேன். 'ஒரு வாக்கால் என்ன மாறும்?' என்ற பேச்சுப் போட்டியில், எல்லாம் மாறும் என்று பேசி முதல் பரிசு வாங்கினேன். என் தந்தை இந்த முறை வாக்களிக்கப் போவதில்லை என்று சொல்லியிருந்தார். நான் பல நாட்களாக விடாமல் கேட்டேன். இன்று காலை அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் கேட்டேன்.

"விடவே மாட்டியா பாப்பா?"

"நீங்களே போடலன்னா நான் மேடையில தொண்டை கிழியப் பேசினதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"சரி தாயே, உன் பரிசுக் கோப்பைக்காக வர்றேன். ஆனா உள்ள போனா லேசுல வெளிய வரமாட்டேன், சொல்லிட்டேன்."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த வார்த்தைகள் என் தந்தைக்குப் பாதகமாகும், அடித்துவிடு என்று எழுத்தர் நல்லெண்ணத்தோடு சொன்னார். இதை அடித்தால் மற்றதையும் நான் என் வசதிக்கு எழுதியதாகிவிடும். ஆகவே அடிக்கவில்லை.

வாக்குச்சாவடி என் வகுப்பறையிலேயே இருந்தது. பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கியிருந்தார்கள். கரும்பலகைக்குக் கீழே ஒரு மேசை, அதன் மேல் மூன்று பக்கமும் மூடிய உயரமான அட்டை மறைப்பு. அதற்குள் வாக்காளர் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது விதி. நான் வாசலில் நின்று முதியவர்களைக் கைபிடித்து அழைத்துவரும் வேலையில் இருந்தேன். மதியத்துக்குப் பிறகு என் தந்தை வந்தார். விரலில் மை வைத்துக்கொண்டு, வாக்குச்சீட்டையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார். அதன் பிறகு வெளியே வரவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு வரிசை வராந்தாவைத் தாண்டி வெயிலுக்குப் போனது. "உள்ள பாய் விரிச்சுப் படுத்துட்டாரா?" என்று ஒரு பாட்டியம்மா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தேர்தல் அதிகாரியான அம்மையார் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்க்க அவருக்கும் அனுமதி இல்லை. ஆகவே, "உங்க அப்பாதானே? நீ கூப்பிட்டுப் பாரும்மா" என்று என்னை அனுப்பினார். நான் மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேசைக்குக் கீழே அவருடைய செருப்புகள் தெரிந்தன. ஒன்றில் நீல வண்ணம் சொட்டியிருந்தது.

"அப்பா, உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

"இல்ல பாப்பா."

"அப்புறம் என்னப்பா? ஒண்ணுல வச்சிட்டு வாங்க."

"எதுல வைக்க? நாலும் நான் வரைஞ்ச சின்னம். நாலுக்கும் கீழே அதே தகரத்தை வச்சுத்தான் அடிச்சேன். உங்கம்மா தினமும் அதைப் படிச்சுக்கிட்டேதான் கடந்து போவா. 'உன் எழுத்து அழகா இருக்குய்யா'ன்னு சொல்லுவா."

போட்டியில் பேசியது எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. அங்கேயே நின்றேன்.

அந்த நேரத்தில் வரிசையிலிருந்து சிலர் கிளம்பத் தொடங்கினார்கள். ஒரு கட்சியின் முகவராக உட்கார்ந்திருந்தவர், அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாததால் கூலிங்கிளாஸ் என்று அழைக்கப்படுபவர், எழுந்தார். "யோவ் பெயின்டரே, நான் வேன் வச்சுக் கூட்டிட்டு வந்த ஆளுங்கய்யா, எல்லாம் கலையுது!" என்று கத்தினார். அம்மையார் தொலைபேசியில் மேலிடத்துடன் பேச முதுகைத் திருப்பியிருந்தார். கூலிங்கிளாஸ் வேகமாக வந்து, என் தோளை ஒதுக்கிவிட்டு, மறைப்பை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். அது மேசையோடு சாய்ந்து, மேசைமேல் இருந்த முத்திரை மைப்புட்டி உடைந்தது. நான் ஒரு கை தூரத்தில் நின்று இதைப் பார்த்தேன். என் தந்தையின் ஒரு கையில் வாக்குச்சீட்டும் மறு கையில் முத்திரையும் இருந்தன. அவர் எதையும் தொடவில்லை. சீட்டில் ஒரு குறியும் இல்லை.

அதன் பிறகு அம்மையார் திரும்பி வந்து சீட்டை வாங்கிக்கொண்டார். இத்தனை பேர் பார்த்துவிட்டதால் இரகசியம் போய்விட்டது, இந்த வாக்கு செல்லாது என்றார். அதில் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. அதன் பிறகு கூலிங்கிளாஸ், என் தந்தை மறைப்பை உதைத்துத் தள்ளியதாகச் சொன்னார். அது உண்மையில்லை என்று நான் சொன்னேன். அம்மையார் வரிசையைப் பார்த்து, யார் பார்த்தீர்கள் என்று கேட்டார். எங்கள் தெருக்காரர்கள் பலர் அங்கே நின்றார்கள். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். ஒருவர் தன் பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். சிரிக்க வைத்த பாட்டியம்மா, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது கண்ணு" என்றார். நான் கைகொடுத்தபோதும் பிடிக்காமல் வாசற்படியைத் தானே பார்த்து ஏறி வந்தவர் அவர்.

'நான் ஒரு ஆள் சொல்வதால் என்ன ஆகிவிடும்' என்று அவர்கள் ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். அதற்கு எதிராகத்தான் நான் பரிசு வாங்கினேன். இப்போது அதே மேடையில் ஏற்றிவிட்டால் என்னால் ஒரு வரிகூடப் பேச முடியாது. நான் வாக்களிக்கும் வயதுக்கு வரும்போது அந்த மறைப்புக்குள் போவேனா என்றும் தெரியவில்லை. இதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் இதையும் சேர்க்கிறேன்.

வேறு யாரும் சாட்சி சொல்லாததால் காவலர்கள் என் தந்தையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள்; நானும் கூடவே வந்தேன். இங்கே அவரிடம் விசாரித்தார்கள். "நான்தான் தள்ளினேன்னே வச்சுக்கோங்க" என்றார். அது உண்மை அல்ல. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் உள் அறைக் கதவருகே அவரிடம் பேச என்னை விட்டார்கள்.

"அவங்க என்ன சொல்றாங்களோ அதை எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ பாப்பா. நான் இத்தனை வருஷம் அதைத்தானே செஞ்சேன்."

"நான் நடந்ததைத்தான் எழுதுவேன்."

"எழுது. யார் படிக்கப் போறா?"

மேலே உள்ளவை அனைத்தும் என் சொந்தக் கையால், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதப்பட்டவை. மறுபடி படித்துப் பார்த்தேன். மாற்ற எதுவும் இல்லை. கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். எழுத்தர் தாளை வாங்கி, முழுதாகப் படிக்காமல் மற்ற தாள்களுக்கு அடியில் வைத்தார். ஒரு வரி விட்டுப்போயிற்று என்று கேட்டுத் திரும்ப வாங்கி இதைச் சேர்க்கிறேன்: நான் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது, என் தந்தை உட்கார்ந்திருக்கும் அறையின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்; அவர் இன்னும் வெளியே வரவில்லை.