அந்தக் கணுக்காலை நான் பார்த்தேன்

என்னைவிடப் பதினெட்டு வயது இளையவராக இருந்தும் என்னை ஓட ஓட வேலை வாங்கிய தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்த பெருமக்களே, வியர்வையில் ஊறிய சீருடைகளை ஒரே இரவில் வெளுத்துக் கொடுத்த தாய்மார்களே, இந்தக் குரலுக்கு மைக் எதற்கு என்று தமக்குள் பேசிக்கொள்ளும் என் அருமைப் பெண்களே, உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

விளையாட்டு ஆசிரியையாக முப்பத்து மூன்று ஆண்டுகள், இன்றோடு ஓய்வு. ஒரே பள்ளி, ஒரே மைதானம், ஒரே விசில். இல்லை, விசில் மட்டும் ஆறு முறை மாறியது. அங்கே சிரிக்கிறவர்கள்தாம் அதை ஒளித்து வைத்தவர்கள்.

எனக்கு முன் பேசியவர்கள் நாம் வென்ற கோப்பைகளைச் சொன்னார்கள். நான் சொல்ல வந்தது ஒரு தோல்வியை. தோல்வியைக்கூட அல்ல, அதற்கு முன் நான் செய்த தவற்றை.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் நம் கைப்பந்து அணியில் ஒருத்தி இருந்தாள். அவள் எழும்பும் உயரத்தைப் பார்த்து ‘ஸ்பிரிங்கு’ என்று பெயர் வைத்தோம். இறுதி ஆட்டத்தன்று உடைமாற்றும் அறையில் அவள் வலது கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது.

“என்னடி அது?”

“ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா இறுக்கமா இருக்கட்டும்னு.”

நம்பினேனா? இல்லை. நம்ப விரும்பினேனா? ஆம். கண் பார்த்தது, கோப்பை கண்ணை மறைத்தது. மூன்றாம் செட்டில் அவள் எழும்பி இறங்கியபோது கால் மடிந்து தசைநார் கிழிந்தது. ஆட்டமும் போனது.

திங்கட்கிழமை அவள் அம்மா வந்தார். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர், மணிக்கட்டெல்லாம் சூடுபட்ட தழும்பு. பந்துகள் வைக்கும் அறை வாசலில் நின்று கேட்டார்.

“அவ கால் வீங்கியிருந்தத நீங்க பாத்தீங்களா டீச்சர்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“பாத்தேன்ம்மா.”

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அப்ப நீங்களே அவள நடக்க வைங்க.”

ஏழு மாதம். தினமும் பள்ளி மணி அடிக்கும் முன், மாடி வராந்தாவில், மருத்துவர் எழுதித் தந்தபடி நடந்தோம். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு என் தோளைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல். இரண்டு மாதம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஒருநாள் சொன்னாள்: “என்கூட நடந்து நடந்து நீங்களும் நொண்டுறீங்க டீச்சர். நேரா நடங்க.” அன்று இருவரும் சிரித்தோம். அன்றுதான் நான் அழவும் செய்தேன்.

அவள் மறுபடி ஆட்டத்தில் இறங்கவில்லை. அடுத்த ஆண்டு அரையிறுதியில் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தாள். கடைசி செட், பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. நம் அணியில் வலையோரம் எழும்பிப் பந்தை அடிப்பவள் முழங்காலைப் பிடித்துக் குனிந்தாள். நான் பார்த்தேன். என் வாய் திறக்கவில்லை. ஸ்பிரிங்கு என் கையைத் தொட்டு மெல்லச் சொன்னாள்.

“பாத்துட்டீங்க டீச்சர்.”

எழுந்தேன். அடிப்பவளை வெளியே எடுத்தேன். அவள் என்னோடு சண்டை போட்டாள். நாம் தோற்றோம். தோற்று, ஒரு முழங்காலைக் காப்பாற்றினோம். அந்த முழங்கால் பிறகு ஆறு ஆண்டுகள் நாட்டு அணிக்காக ஆடியது. மூன்றாம் வரிசையில் மகளை மடியில் வைத்திருக்கிறாளே, அவள்தான். கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்.

ஸ்பிரிங்கு எங்கே என்கிறீர்களா? நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இப்போது மாலை வண்டியில் இருக்கிறாள். அந்த வலது கால்தான் பிரேக்கை மிதிக்கிறது, ஐம்பது பேரைப் பத்திரமாக வீடு சேர்க்கிறது.

பெற்றோர்களே, மைதானத்திலிருந்து வரும் மகளிடம் முதலில் என்ன கேட்கிறோம்? வென்றாயா என்றா, வலிக்கிறதா என்றா? வெற்றி வரும், விலகும், வேறொரு நாள் திரும்பி வரும். வளர்கிற எலும்பு அப்படி வருமா? நாளை முதல் நம் மைதானத்தில் ஒரு விதி: எந்தப் பெண் கை உயர்த்தி ‘வலிக்குது’ என்றாலும் ஆட்டம் நிற்கும். அவளை யாரும் கோழை என்று சொல்லக் கூடாது. தலைமையாசிரியை அம்மா நேற்றே ஒப்புதல் தந்துவிட்டார்கள். நான் போன பிறகும் இந்த விதி இருக்க வேண்டும். அதைக் காப்பது உங்கள் பொறுப்பு.

இவ்வளவு நேரம் இருக்கையில் இருந்து கேட்ட உங்களுக்கு, இருக்கையிலேயே உட்காரத் தெரியாத ஒருத்தியின் நன்றியும் வணக்கமும்.