எட்டாக மடித்த தாள்

எங்கள் கிளிநொச்சி மண்ணில் எந்தப் பாரமும் ஒரு மாரிக்கு மேல் மட்டமாக நிற்காது, சேர். ஸ்நூக்கர் மேசையின் எடை ஒரு தொன்னுக்கும் மேல். மழையில் நிலம் ஊறினால் ஏதாவது ஒரு கால் நூலளவு இறங்கிவிடும். ஜாக்கி போட்டு மேசையைத் தூக்கி, மேசன்மாரின் நீர்மட்டத்தை வைத்து அதன் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, காலுக்கடியில் தாளை மடித்துச் செருகுவேன். கிளப் என்னுடையது, அந்த வேலையை நான் மட்டும்தான் செய்வேன்.

யதுர்ஷன் அக்கராயன் பெடியன். பதினான்கு வயதில் வந்தான். என் அப்பா புடவைக்கடை வைத்திருந்தவர். விலையைக் கேட்காமல் துணியைத் தடவுகிறவன் உன்னை விட்டுப் போகமாட்டான் என்பார். இவன் மேசையைத் தடவியபடிதான் உள்ளே வந்தான். ஏழு வருடம் மேசையைச் சும்மா கொடுத்து, கோல் பிடிக்கவும் பழக்கினேன்.

அவனுடைய இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு ஷெல் துண்டு இருந்தது. ஆறு வயதில், கடைசி யுத்தத்தில் பட்டது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை; தொட்டால்தான் ஆபத்து என்று டாக்குத்தர்மார் விட்டுவிட்டார்கள்.

இந்தியப் போட்டிகளை ஃபோனில் காட்டுவான். "அங்கத்தைப் பெடியள் பன்னிரண்டு வயசிலயே நூறு அடிக்கிறாங்கள், பாலண்ணை."

"அவங்கள் நெய்ச்சோறு, நீ ஒடியல் கூழ். பொறு" என்பேன். சிரிப்பான்.

சென்ற வருடம் சென்னையில் ஓர் அழைப்புப் போட்டிக்கு எழுதிப்போட்டான். நன்றாக ஆடுகிறவர்களை அங்கேயே தங்கவைத்துப் பயிற்றுவிப்பார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பத்தின் பிரதி கிளப் விலாசத்துக்கு வந்தது, திறந்து பார்த்தேன். பயிற்சியாளர் பெயர் கேட்ட இடத்தில், தன் கைப்பட, 'ஒருவரும் இல்லை' என்று எழுதியிருந்தான்.

நான் கோபப்பட்டதாக எழுதிவிடாதீர்கள். வியாபாரிக்குக் கோபம் நட்டம். தாளை எட்டாக மடித்து, மேசையின் வலப்பக்கக் காலொன்றுக்கு அடியில் செருகினேன். அவ்வளவுதான்.

மெல்லப் போகிற பந்து அதற்குப் பிறகு இடப்பக்கம் மயிரளவு சரிந்தது. முதல் நாள் அவன் சந்தேகப்பட்டான். நீர்மட்டத்தை வைத்துக் காட்டினேன். முழக்கோல் பிடித்து வளர்ந்தவனுக்கு ஒரு குமிழை நடுவில் நிறுத்தத் தெரியாதா? இரண்டு மாதத்தில் அவன் கை அந்தச் சரிவைப் பாடமாக்கிக்கொண்டது. சென்னையில் மேசை மட்டமாக இருந்தது. முதல் சுற்றிலேயே தோற்றான்.

அவன் அங்கே நின்ற நேரம் தாளை இடப்பக்கக் காலுக்கு மாற்றிவைத்தேன். பந்து இப்போது வலப்பக்கம் சரிந்தது.

வந்தவன் இங்கேயும் தவறவிட்டான். ஒரு கிழமை ஆடிப் பார்த்தான். பிறகு கோலைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தான்.

"அங்கயும் பிழைக்குது, இங்கயும் பிழைக்குது. ரெண்டு மேசையும் பொய் சொல்லுமே, அண்ணை?"

"மேசை ஏன் பொய் சொல்லுது? கண்ணை ஒருக்காக் காட்டிப் பாரன்."

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. துண்டு நகர்ந்துவிட்டது என்று அவனேதான் முடிவுகட்டினான். படம் எடுத்துப் பார்த்த டாக்குத்தர்மார் அது அசையவில்லை, தொடவேண்டாம் என்றார்கள். எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சம்மதக் கையெழுத்து வைக்கப் போகிற காலை கிளப்புக்கு வந்தான்.

"என்னண்ணை செய்யிறது?"

தாள் என் செருப்பிலிருந்து மூன்றடி தூரத்தில் இருந்தது.

"உன்ர கண், உன்ர விருப்பம்" என்றேன். நான் வற்புறுத்தவில்லை, அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

துண்டை எடுத்துவிட்டார்கள். அந்தக் கண்ணின் பார்வையும் அதோடு போயிற்று.

போன கிழமை மேசைக்குப் புதுத்துணி போடக் கொழும்பிலிருந்து வந்த ஆள், மேசையை யாரோ வேண்டுமென்றே சரித்திருக்கிறார்கள் என்று சொல்லித் தாளை உருவிப் போட்டான். தமையனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த யதுர்ஷனின் தங்கச்சி நிசாந்தினி அதை விரித்துப் பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. அவனிடம் காட்டாமல் நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

இனியும் அவனுக்குச் சொல்லவேண்டாம். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? இப்போது கிளப்பில் புள்ளி எழுதுகிறான். நான் கதவு திறக்குமுன்பே வந்து நிற்கிறான். சென்னைக் கதை எடுப்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவனைக் காட்டி, "இவனைப் பழக்கினது நான்தான்" என்பேன்.

இப்போது அவன் இல்லையென்று சொல்வதில்லை, சேர்.