துரை பார்க்க வேண்டிய மூச்சு

என்னிடம் ஒரே ஒரு கோட்டுதான் இருக்கிறது. கறுப்பு, முழங்கை இரண்டிலும் ஒட்டுப்போட்டது. மழைக்காலத்தில் அதைக் காயவைப்பதே தனி உத்தியோகம். விசாரணை ஐயா, நீங்கள் கேட்டது மூக்கன் செத்ததைப் பற்றி, கோட்டைப் பற்றி அல்ல என்று தெரியும். ஆனால் கோட்டைப் போடப் போனதால்தான் எல்லாம் வந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெயர் சிதம்பரநாதன். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒன்பது வருடமாகக் கம்பவுண்டர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலி ஜனங்கள் என்னை டாக்டரையா என்பார்கள். ஒரு தடவையாவது திருத்தியிருக்கலாம். காதுக்கு இனிமையாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு மட்டும் நான் மருந்து கலக்குகிறவன். போன வருடம் கொழுந்து பறிக்கிற நாகலெட்சுமி ஆற்றில் விழுந்து மூச்சில்லாமல் கிடந்தாள். குப்புறப் படுக்கவைத்து, கீழ் விலாவில் இரண்டு கையையும் வைத்து, அமுக்கியும் விட்டும் இருபது நிமிடத்தில் மீட்டேன். துரை வந்து சேர்ந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். இவளுக்கு என்ன கேடு என்று கேட்டுச் சிரித்துவிட்டு அவர் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். தோட்டத்தில் துரை கண்ணில் படாதது நடக்கவே இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பிழைத்ததில் சந்தோஷம்தான். கொஞ்சம் தாமதமாகப் பிழைத்திருக்கலாம்.

மூக்கன் தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்காரன். வயிற்றுக் கடுப்பு என்று வந்தான். அபின் சேர்ந்த மருந்து, மூன்று நாளுக்கு, வேளைக்கு ஒரு மூடி என்று கொடுத்தேன். மலையில் நிற்கிறவன் மத்தியான வேளைக்கு மருந்துப் புட்டியைத் தேடி எங்கே வருவான்? விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுப்பதற்கு முன்னால் மூன்று நாள் மருந்தையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டான். இங்கே பலரும் செய்கிற காரியம்தான், எனக்கும் தெரியும். அதனால் புட்டியில் எச்சரிக்கை எழுதி ஒட்டியிருந்தேன், அழகான கையெழுத்தில். அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

எட்டு மணிக்குக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்தார்கள். கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. நாடி இருந்தது, மூச்சு இல்லை. குப்புறப் போட்டு அமுக்கத் தொடங்கினேன், நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவை. அவன் பெண்சாதி அழகம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். துரைக்கு ஆள் அனுப்பினேன். ஸ்டோரில், தேயிலை அரைக்கிற இடத்தில், ருசி பார்க்கிறார், முடித்துவிட்டு வருவார் என்று பதில் வந்தது. இந்தத் தடவை தயாராக நிற்கலாம் என்று கையை எடுத்துவிட்டுக் கோட்டை மாட்டப் போனேன். அப்போதுதான் மூக்கன் தானாக மூச்சு இழுத்தான். மறுபடி இழுத்தான்.

"ஐயா, மூச்சு தானா வருதுங்க," என்றாள் அழகம்மா. "போதுங்க, விட்டுருங்க."

அவள் சொன்னதைத்தான் புத்தகமும் சொல்கிறது. மாற்றலாகிப் போன டாக்டர் ஒருவர் விட்டுச்சென்ற புத்தகம், ஏழு தடவை படித்திருக்கிறேன். மூச்சு விடச் சொல்வது நெஞ்சு அல்ல. பிடரிக்கு உள்ளே, மூளையின் அடித்தண்டில் ஓரிடம் இருக்கிறது. ரத்தத்தில் கெட்ட காற்று சேரச் சேர அது விழித்துக்கொண்டு, நரம்பு வழியாக மார்புக்கு உத்தரவு அனுப்பும். வெளியிலிருந்து ஒருவன் அளவுக்கு மேல் மார்பை அமுக்கிக் கெட்ட காற்றையெல்லாம் போக்கிவிட்டால், வேலைதான் நடக்கிறதே என்று அது கங்காணி மாதிரி தூங்கிவிடும். அபின் குடித்தவனுக்கு அது முன்பே பாதித் தூக்கத்தில் இருக்கும்.

துரை வர இன்னும் நேரம் இருந்தது. அவர் வரும்போது மூக்கன் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டால் என் கதி என்ன?

"அது வெறும் உடம்புத் துடிப்பு. நீ பேசாம இரு," என்றேன்.

மறுபடியும் அமுக்கினேன், இப்போது நிமிடத்துக்கு முப்பது. அவன் மூச்சு அடங்கியது. நாற்பது நிமிடம், கோட்டோடு, வியர்க்க வியர்க்க அமுக்கினேன். சும்மா நின்றிருந்தால் பிழைத்திருப்பான். நான் சோம்பேறி இல்லை என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

துரை வந்தார். இவனுக்குச் சொந்த மூச்சு இல்லை, இத்தனை நேரம் என் கைதான் மூச்சு, இப்போது கையை எடுக்கிறேன், தானாக விடுவான் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கையை எடுத்தேன். துரை ஆர்வமாகக் கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

ஒரு நிமிடம் ஆனது. கெட்ட காற்று சேர வேண்டும், பொறுங்கள் என்றேன். இரண்டு நிமிடம். உதடு நீலமாகிவிட்டது. திரும்பக் கையை வைத்திருந்தால் போதும், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விடுவான் என்று துரையிடம் சொல்லியாகிவிட்டது. சொன்ன வாய் மூடுவதற்குள் எப்படிக் கையை வைப்பது? கைகட்டி நின்றேன். நான்காம் நிமிடத்தில் மறுபடி அமுக்கினேன். அப்போது நாடியும் இல்லை.

இடையில் ஒரு தடவையாவது தானாக மூச்சு விட்டானா என்று துரை கேட்டார். இல்லை என்றேன். உன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாய் என்று சொல்லி, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் தோளில் தட்டினார். பக்கத்தில் அழகம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்தத் தட்டு எனக்கு இனித்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புருஷன் தானாக நாலு மூச்சு விட்டான் என்று அழகம்மா உங்களிடம் சொன்னாளாம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை, அழுகையில் பிசகியிருப்பாள். பதினொன்று. நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன்.