நாளைக்குக் கேட்டா என்ன சொல்லணும்

சிட்டு: நீலக்கா.

அம்மா: நீலம் இல்லடி, ஊதா. நான் கலரா கேட்டேன்? பேரு என்ன? கத்...

சிட்டு: கத்தி.

அப்பா: கத்தியாம். பரவால்ல, நாளைக்கு டீச்சர் பயந்துபோய் சீட் குடுத்துடுவாங்க.

அம்மா: நீங்க சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா அவ வேணும்னே தப்பா சொல்லுவா. சிட்டு, இங்க பாரு. கத்திரி...

சிட்டு: ...க்கா.

அம்மா: அப்படிச் சொல்லு என் தங்கம். நாளைக்கு ஸ்கூல்ல பெரிய டீச்சர் இதையெல்லாம் மேஜை மேல வெச்சிருப்பாங்க. ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுவாங்க. நீ டக்குனு பேரு சொல்லணும்.

சிட்டு: சொன்னா திங்கணுமா?

அப்பா: நியாயமான கேள்வி.

அம்மா: திங்க வேணாம், சொன்னாப் போதும். இது என்ன? மேல எல்லாம் முள்ளு முள்ளா... பாகற்...

சிட்டு: பாகக்கா.

அம்மா: அதேதான். அப்பாவுக்கு இதைக் கண்டாலே ஆகாது. தட்டுல வெச்சா ஓரமா ஒதுக்கிடுவாரு, உன்னை மாதிரியே.

சிட்டு: இல்ல. நீ சாப்ட்டியே அப்பா. ரெண்டு வாட்டி வாங்கினியே.

அம்மா: பாகற்காயா? நீங்களா?

அப்பா: அது... ஹோட்டல்ல. பசியில என்ன போட்டாலும் இறங்கிடுது. தனியா இருக்கறவன் அது வேணாம் இது வேணாம்னு சொல்ல முடியுமா?

அம்மா: பத்து வருஷமா நான் கெஞ்சி நடக்காததை ஒரு ஹோட்டல்காரன் நடத்திட்டான். கை ராசிக்காரன்தான்.

அப்பா: சரி, அடுத்த காயைக் காட்டு. வெண்டைக்காயைக் குறுக்க நறுக்கினா உள்ள நட்சத்திரம் மாதிரி இருக்கும்ல, அதைக் காட்டலாம். கத்தி எங்க... இந்த டிராயர்தானே?

அம்மா: அங்க இல்ல. இடம் மாத்தி ரொம்ப நாளாச்சு. அடுப்புக்கு இந்தப் பக்கம் பாருங்க.

அப்பா: ஓ.

அம்மா: டீ ஆறுது. சக்கரை போடல.

அப்பா: இப்பல்லாம்... கொஞ்சம் போட்டுக்கறேன்.

அம்மா: எப்பலேர்ந்து?

அப்பா: என்னமோ, பழகிடுச்சு.

அம்மா: டப்பா மேல் தட்டுல இருக்கு. எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் கேக்கல.

சிட்டு: நட்சத்திரம் ஒட்டுது.

அப்பா: வெண்டைக்கான்னா ஒட்டத்தான் செய்யும். துடைச்சுக்க.

அம்மா: ஃப்ராக்குல துடைக்காத. சரி, காய் போதும், இப்ப மத்தக் கேள்வி. நீங்கதான் பெரிய டீச்சர். கேளுங்க.

அப்பா: ம்... பாப்பா, உன் பேரு என்ன?

சிட்டு: நீ அப்பா.

அப்பா: இல்லம்மா, இப்ப நான் டீச்சர்.

சிட்டு: டீச்சருக்கு மீசை இருக்கா?

அம்மா: சில பேருக்கு இருக்கும். பதில் சொல்லு.

சிட்டு: சிட்டு.

அப்பா: உங்க வீடு எங்க இருக்கு?

சிட்டு: எந்த வீடு?

அம்மா: பாத்தீங்களா... இதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். சிட்டு, அம்மா என்ன சொல்லிக் குடுத்தேன்? நாளைக்குக் கேட்டா என்ன சொல்லணும்?

சிட்டு: ஒரே வீடு.

அம்மா: அங்க யார் யாரு இருக்காங்க?

சிட்டு: அப்பா, அம்மா, நான்.

அம்மா: ஞாயித்துக்கிழமை எங்க போவே?

சிட்டு: எங்கயும் போமாட்டேன்.

அப்பா: இதெல்லாம் தேவையா? பச்சப் புள்ள.

அம்மா: தேவையான்னு யோசிக்க வேண்டிய நேரத்துல யோசிச்சிருக்கணும்.

அப்பா: ஆரம்பிக்காத.

அம்மா: நான் எதையும் ஆரம்பிக்கல. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் உள்ளயே விடுவாங்க. பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுக் கேப்பாங்களாம். இப்ப உங்க முறை. ஏங்க, குழந்தைக்கு யாரு சோறு ஊட்டறது?

அப்பா: ரெண்டு பேரும்தான்.

அம்மா: பரவால்லியே. தடுமாறாம வருது.

அப்பா: நீதானே சொல்லச் சொன்னே.

அம்மா: ராத்திரி யாரு தூங்க வெப்பாங்க?

அப்பா: நான்.

அம்மா: எந்தப் பக்கம் படுப்பா?

அப்பா: ...இதைக்கூடவா கேப்பாங்க?

அம்மா: கேட்டா?

அப்பா: செவுத்துப் பக்கம்.

அம்மா: அது அப்போ. இப்ப செவுத்துப் பக்கம் நான். அவ நடுவுல. அந்தப் பக்கம் உருண்டு விழாம இருக்க ஒரு தலகாணி போட்டு வெக்கிறேன்.

அப்பா: ம்.

அம்மா: நான் ஒண்ணு சொல்லட்டா... காலைல நீங்க அங்கேருந்து பஸ்ஸைப் புடிச்சு, கூட்டத்துல நசுங்கி... எதுக்கு? இன்னைக்கு இங்கயே இருந்துடுங்களேன். மூணு பேரும் சேந்தே கெளம்பிடலாம்.

அப்பா: மாத்துத் துணி எதுவும் கொண்டு வரலியே.

அம்மா: உங்க கோடு போட்ட சட்டை இருக்கு. இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்.

அப்பா: எதுக்கு அதெல்லாம்...

அம்மா: சும்மாதான். பீரோவுல கெடந்துச்சு.

அப்பா: பாக்கலாம்.

அம்மா: உங்க ‘பாக்கலாம்’ எனக்குத் தெரியாதா? அங்க யாரும் காத்துக்கிட்டு இல்லேல்ல? அந்தச் சங்காத்தம் முடிஞ்சு போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க.

அப்பா: முடிஞ்சுதான் போச்சு. எத்தனை தடவை சொல்றது?

அம்மா: சரி... நம்பறேன். நம்பறேன்னு சொல்லிட்டேன்ல, மொகத்தைத் தூக்காதீங்க. சிட்டு, என்னடி பண்றே? கூடையையே கவுத்துட்டியா?

சிட்டு: வரிசை வெக்கிறேன்.

அம்மா: என்ன வரிசை?

சிட்டு: குட்டிலேர்ந்து பெருசு. பட்டாணி. அப்புறம் எலுமிச்சை. அப்புறம் கத்திரிக்கா. அப்புறம் முட்டக்கோசு. அப்புறம் பூசணிக்கா.

அம்மா: ஏங்க, கேட்டீங்களா? ஒண்ணுகூடத் தப்பில்ல. நான் தொண்டை வறளக் கத்தினப்ப கத்தின்னா. யாரு சொல்லிக் குடுத்தது? நீங்களா?

அப்பா: டிவில பாத்திருப்பா. சிட்டு, எல்லாத்தையும் எடுத்துக் கூடைல போடு. போதும் படிச்சது.

அம்மா: இருங்க, அவ சொல்லட்டும். ஏண்டி, இந்த கேரட்டு, வெண்டைக்காயெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கு மட்டும் வரிசைல இடம் இல்லியா?

சிட்டு: அது வேணாம். பாப்பா அது ஆகல.

அம்மா: எந்தப் பாப்பா?

அப்பா: பொம்மையச் சொல்றா. வா சிட்டு, அப்பா உன்னை மாடிக்குத் தூக்கிட்டுப் போறேன்.

அம்மா: அவ கையை விடுங்க. எந்தப் பாப்பாடி செல்லம்?

சிட்டு: வயித்துப் பாப்பா. மொதல்ல பட்டாணியா இருந்துச்சு. அப்புறம் எலுமிச்சை ஆச்சு. பூசணிக்கா ஆனதும் வெளிய வந்து என்கூட வெளையாடும்.

அப்பா: சிட்டு...

சிட்டு: நான் ஆன்ட்டின்னு சொல்லலப்பா. ஆன்ட்டின்னுதானே சொல்லக் கூடாதுன்னே. நான் பாப்பான்னுதான் சொன்னேன்.

அப்பா: நானே சொல்லணும்னுதான் இருந்தேன். இந்த ஸ்கூல் வேலை முடியட்டுமேன்னு...

அம்மா: கத்திரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்.

சிட்டு: கத்திரிக்கா அப்போ, அம்மா. இப்ப முட்டக்கோசு.

அம்மா: சரிடா கண்ணு. முட்டைக்கோசு. நீ கரெக்டா சொல்லிட்டே. போய்க் கை கழுவிக்க, பிசுபிசுன்னு இருக்கு பாரு. சோப்பு போட்டுக் கழுவு.

சிட்டு: அப்பா என்னை அடிக்குமா?

அம்மா: யாரும் அடிக்க மாட்டாங்க. போ.

அப்பா: ...குழந்தை முன்னாடி இப்படி...

அம்மா: குழந்தை முன்னாடி நான் என்ன சொன்னேன்? ஒரு பழமொழி சொன்னேன்.

அப்பா: மெதுவாப் பேசு.

அம்மா: மெதுவாத்தான் பேசறேன். நான் ஒரு கூடைக் காயைப் பரப்பி வெச்சுக்கிட்டு தெனமும் மல்லுக்கட்டறேன். அங்க ஒருத்தி வயித்தைத் தொட்டுக் காட்டி சொல்லிக் குடுத்திருக்கா. மனசுல பதிஞ்சு போச்சு. அவளையே டீச்சரா போடலாம்.

அப்பா: அவ தப்பா எதுவும்...

அம்மா: அவளைப் பத்தி நான் பேசல. முடிஞ்சு போச்சுன்னு மொத மொத சொன்னீங்களே, பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு... அப்ப அது என்ன காய்? பட்டாணியா?

அப்பா: விடேன்.

அம்மா: எலுமிச்சையா? இப்பச் சித்த முன்னாடி சொன்னீங்களே, எத்தனை தடவை சொல்றதுன்னு. அது முட்டைக்கோசு.

அப்பா: நான் மட்டும்தான் மறைச்சேனா? ஞாயித்துக்கிழமை எங்கயும் போமாட்டேன்னு சொல்ல நீயும்தானே அவளைப் பழக்கினே.

அம்மா: ஆமா, பழக்கினேன். ரெண்டு பேருமா சேந்து அவளுக்கு ஒண்ணை மட்டும் நல்லாக் கத்துக் குடுத்திருக்கோம். அதுல அவ ஃபெயிலே ஆக மாட்டா.

அப்பா: நீ என்னை என்ன வேணா சொல்லு, வாங்கிக்கறேன். ஆனா நாளைக்கு வந்துடறேன். காலைல ஸ்கூல் வாசல்ல நிப்பேன். பக்கத்துல உக்காந்து, நீ சொன்ன மாதிரியே எல்லாத்தையும் சொல்றேன். செவுத்துப் பக்கம் நீன்னு சொல்றேன். என்னால அவ சீட் போகக் கூடாது. அது மட்டும்...

அம்மா: வர வேணாம்.

அப்பா: கோவத்துல பேசாத. அவ படிப்பு இது. ரெண்டு பேரும் வந்தாத்தான் உள்ளயே விடுவாங்கன்னு நீதானே சொன்னே?

அம்மா: அப்படியெல்லாம் அங்க ஒண்ணும் கிடையாதுங்க. அம்மா மட்டும் வந்தாப் போதும்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க.