வாத்தியார் மாமா உள்ளவள்

பாறசாலையில் ஏறிய இரண்டு பாலிடெக்னிக் மாணவிகள் பஸ்ஸில் என் முன்னால் அமர்ந்து புலம்பினார்கள்.

“கம்ப்யூட்டர்ல மாட்டுன டேட்டா கார்டு அவுட்புட்ல சும்மா இருக்கும்போ அஞ்சு வோல்ட் உண்டு மக்கா. ரிலே சுவிட்ச மாட்டினா ரெண்டுக்கு விழுது.”

“கார்டு பொய் சொல்லுதாக்கும். நாளைக்கு புராஜெக்ட் காட்டணுமே!”

“நம்ம கிளாஸ் ராஜிக்கு மட்டும் புராஜெக்ட் ஓடுது பாத்தியா?”

“அவளுக்குச் சொல்லித்தர வாத்தியார் மாமா உண்டு. நாமளும் ஒரு மாமன வாடகைக்கு எடுப்போமா?”

ராஜி என் தங்கை மகள்; அந்த வாத்தியார் மாமா நான்தான். ரிலே இழுக்கும் மின்னோட்டத்தை அந்த அவுட்புட்டால் தர முடியாது. மின்னோட்டத்தைப் பெருக்க நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்தால் போதும். சொன்னால் இவர்கள் ராஜியை எட்டிவிடுவார்களே என்று பொறாமை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நெய்யாற்றின்கரையில் நான் இறங்கும்போது அவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பைய எறங்குங்க, தாத்தா.”